குட்டி முதல் முதுமை வரை: குதிரைக்கு எந்த வயதில் என்ன தீவனம், ஏன்?

குதிரை மெலிந்தால் தானியத்தைக் கூட்டுவது, துள்ளினால் குறைப்பது. பல லாயங்களில் தீவனக் கணக்கு இவ்வளவுதான். பெரும்பாலான நாட்களில் இதனால் எதுவும் கெட்டதாகத் தெரியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் சில மணி நேரத்தில் வந்துவிடலாம், உண்மை. ஆனால் தீவனத்தில் நடக்கும் பெரிய பிழைகள் பலவும் ஒரு கட்டம் தள்ளித்தான் வெளியே வருகின்றன. சினைக்காலக் கடைசியில் தாய்க்குக் கிடைக்காத தாது, பிறந்த குட்டியிடம் குறையாகத் தெரிகிறது. குட்டியை அவசரமாகக் கொழுக்க வைத்தது, சேணம் போடும் வயதில் மூட்டில் தெரிகிறது. பத்து வயதில் சேர்ந்த கொழுப்பு பதினெட்டு வயதில் குளம்பைப் பதம் பார்க்கிறது. எனவே குதிரையின் வயதுக்கேற்ற தீவனத்தைப் பற்றிப் பேசுவதென்றால், இப்போது போடுவது எந்த வயதில் பலன் தரும், எந்த வயதில் பழிவாங்கும் என்று சேர்த்தே பேச வேண்டும்.

அதற்கு முன் அந்த வயிற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பாதி வேறு, பின்பாதி வேறு

குதிரை அசைபோடும் விலங்கல்ல. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. புல் முதலில் போய்ச் சேர்வதே நொதிக்கும் அறைக்குத்தான். குதிரைக்கு ஒரே இரைப்பை. அதுவும் 500 கிலோ எடையுள்ள உடலுக்கு 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவுதான். அதற்கடுத்து ஏறக்குறைய 20 மீட்டர் நீளச் சிறுகுடல். மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் இங்கே செரிக்கின்றன. இதுவரை பன்றிக்கும் குதிரைக்கும் பெரிய வேறுபாடில்லை. அதன் பிறகு வருவதுதான் குதிரை: சீக்கம் எனும் பெரிய பை, அதையடுத்துப் பல மடிப்புகளாகச் சுருண்டு கிடக்கும் பெருங்குடல். இரண்டும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. புல்லை மட்டுமே தின்னும் குதிரை தன் ஆற்றலில் பெரும்பகுதியை இப்படித்தான் பெறுகிறது.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. தீவன விதிகள் அனைத்தும் இவற்றிலிருந்து கிளைத்தவையே.

முதலாவது, அமிலம். மனித இரைப்பை சாப்பாடு வரும்போது அதிகமாகச் சுரக்கும். குதிரையின் இரைப்பையோ உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை மட்டுப்படுத்துவது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸுக்குப் பத்து நிமிடம் போதும். தானியத்தால் வயிற்றை நிறைத்துவிட்டுப் புல்லைக் குறைப்பவர்கள், குதிரைக்குத் தெரியாமல் அதன் மருந்தைப் பறித்துவிடுகிறார்கள். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். திறந்த மேய்ச்சலில் விட்டால் ஒரு குதிரை நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் உடல் அந்த வாழ்க்கைக்கு ஆனது.

இரண்டாவது, வழிந்தோடும் மாவுச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலுக்குள் விழுந்தால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களின் இடத்தை லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்கின்றன. அமிலத்தன்மை ஏறுகிறது, நல்ல நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, அவற்றின் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. கோலிக் எனப்படும் வயிற்றுவலியும் லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியும் இந்த வழியிலும் வருகின்றன. அதனால் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 500 கிலோ குதிரைக்கு வேளைக்கு அரைக் கிலோ மாவுச்சத்து. ஓட்ஸாகக் கணக்கிட்டால் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மக்காச்சோளமாக இருந்தால் முக்கால் கிலோவே அதிகம். மக்காச்சோளத்தின் மாவுச்சத்தும் பார்லியின் மாவுச்சத்தும் வேகவைக்காவிட்டால் சிறுகுடலில் சரியாகச் செரிப்பதில்லை என்பதால், பச்சையாகப் போடுவது இன்னும் ஆபத்து. தீவன வரலாற்றில் ஓட்ஸுக்குக் கிடைத்த மரியாதை சும்மா வந்ததல்ல.

மூன்றாவது, நேரம். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள், கிடைக்கும் தீவனத்துக்கேற்பத் தங்கள் கூட்டத்தை மாற்றிக்கொள்ள நாட்கள் பிடிக்கும். எந்த மாற்றமானாலும், புது மூட்டையிலிருந்து புது வகை உலர்புல் போடுவதானாலும்கூட, 7 முதல் 14 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். உள்ளே போனது போனதுதான்.

எடை தெரியாமல் எதுவும் தெரியாது

ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு அளவு உலர்பொருள் புல்லாகவோ உலர்புல்லாகவோ போய்ச் சேர வேண்டும். எந்த வயதானாலும் வளர்ந்த குதிரைக்கு இதுதான் அடித்தளம். 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ. ஆனால் 'உலர்பொருள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உலர்புல்லில் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். பச்சைப் புல்லில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான், மீதி தண்ணீர். பத்து கிலோ பசும்புல்லை அறுத்துப் போட்டுவிட்டு வயிறு நிறைய வைத்துவிட்டதாக நினைத்தால், உண்மையில் கொடுத்தது இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ.

எடை மேடை இல்லாதவர்கள் அளவு நாடாவை வைத்தே கிட்டத்தட்டச் சரியாகக் கணிக்கலாம். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 185, நீளம் 165 என்றால் எடை ஏறத்தாழ 475 கிலோ. இந்தக் கணக்கு வளர்ந்த குதிரைக்கு மட்டும்தான், குட்டிக்குப் பொருந்தாது.

எடையோடு உடல்நிலையையும் பார்க்க வேண்டும். டான் ஹென்னக்கி 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் முதுகில் வாய்க்கால் விழும் அளவு கொழுப்பு. பொதுவாக 5 நல்லது: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினால் எளிதில் தட்டுப்படும். கண்ணை மட்டும் நம்பினால் குளிர்கால முடியும் பெருத்த வயிறும் ஏமாற்றிவிடும்; தடவிப் பார்க்க வேண்டும்.

கணக்கு தாயிடம் தொடங்குகிறது

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். சினை பிடித்த செய்தி தெரிந்த அன்றே தீவனத்தை இரட்டிப்பாக்குபவர்கள் உண்டு. தேவையே இல்லை. முதல் நான்கைந்து மாதங்களில் கருவின் வளர்ச்சி மிகச் சிறியது. தாய்க்கு வழக்கமான தீவனமே போதும். கரு தன் எடையில் பாதிக்கு மேல் சேர்ப்பது கடைசி மூன்று மாதங்களில்தான். அப்போதுதான் தேவை ஏறுகிறது. வயிற்றுக்குள் இடம் சுருங்கிவிடுவதால், தாயால் நிறையத் தின்னவும் முடியாது. எனவே அந்தக் கட்டத்தில் அளவைவிடத் தரம் முக்கியம்: குதிரைமசால் (லூசர்ன் எனும் தீவனப் பயிர்) கலந்த நல்ல உலர்புல், தேவையான புரதம், தாது உப்புக் கலவை.

இங்கே தாமிரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரைப் பாலில் தாமிரம் மிகக் குறைவு. குட்டி பிறந்து முதல் சில மாதங்களுக்கு வேண்டிய தாமிரத்தைக் கருவிலேயே தன் கல்லீரலில் சேமித்துக்கொண்டு வருகிறது. குருத்தெலும்பு உறுதியாக உருவாகத் தாமிரம் வேண்டும். பிறந்த பிறகு தாய்க்குத் தாமிரத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் அது பால் வழியே குட்டிக்குப் பெரிதாகப் போய்ச் சேராது. கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. மூட்டுக் கோளாறுகளில் தாமிரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. அந்தச் சேமிப்பு சினைக்காலத்தில்தான் நடக்கிறது என்பதில் வாதமில்லை.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட ஊட்டச்சத்து அளவுகள், இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் அட்டவணை. அதன்படி, வேலையில்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 16.7 மெகாகலோரி செரிமான ஆற்றல் (தீவனத்திலிருந்து செரித்துக் கிடைக்கும் ஆற்றல்) தேவை. சினையின் பதினொன்றாம் மாதத்தில் 21.4. ஈன்ற முதல் மாதத்தில் 31.7. கால்சியம் 20 கிராமிலிருந்து 36க்கும், பிறகு 59க்கும் தாவுகிறது. புரதம் 630 கிராமிலிருந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. சினைக்காலம் கடினமானது என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் தாயின் உடலைக் கறப்பது பால்தான். ஈனும்போதே ஒட்டிப்போயிருக்கும் தாய், பால் கொடுக்கும் காலத்தில் தன் உடலையே உருக்கிக் கொடுக்கும். அடுத்த முறை சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். ஹென்னக்கியின் ஆய்வுக்குத் தூண்டுதலே இந்தக் கேள்விதான்: எவ்வளவு கொழுப்பு இருந்தால் குதிரை எளிதில் சினை பிடிக்கும்? மதிப்பெண் 5க்குக் கீழே போகவிடாமல், 6ஐ ஒட்டி வைத்திருப்பது பால் கொடுக்கும் தாய்க்கு நல்லது.

ஃபெஸ்க்யூ எனும் புல்வகையில் வாழும் ஒரு பூஞ்சை, சினைக்காலக் கடைசியில் பால் ஊறுவதையே நிறுத்திவிடும். அந்தப் புல் உள்ள மேய்ச்சலிலிருந்து கடைசி இரண்டு மூன்று மாதம் தாயை அகற்றிவிட வேண்டும்.

சீம்பாலும் முதல் மாதங்களும்

குதிரையின் நஞ்சுக்கொடி தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்களைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. குட்டி பிறக்கும்போது நோய்க்கு எதிராக வெறுங்கையோடுதான் வருகிறது. சீம்பால்தான் எல்லாம். குட்டியின் குடல் அந்தப் பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடுவது பிறந்த முதல் சில மணி நேரம்தான். 18 முதல் 24 மணி நேரத்தில் முற்றிலும் அடைபட்டுவிடும். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. தவறினால் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு நாள் ஆனபின் இரத்தப் பரிசோதனை செய்தால் எதிர்ப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் வாரங்களில் குட்டி தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பால் குடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும். குதிரைப் பால் மாட்டுப் பாலைவிட இனிப்பு அதிகம், கொழுப்பு குறைவு. தாயில்லாக் குட்டிக்கு மாட்டுப் பாலை அப்படியே புகட்டுவது சரியில்லை என்பது இதனால்தான். குதிரைக் குட்டிக்கென்றே தயாரித்த பால்மாவு இருந்தால் அதுவே முதல் தேர்வு. குட்டி தன் தாயின் லத்தியைத் தின்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பெருங்குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களை அது அப்படித்தான் சேகரிக்கிறது.

பால் சுரப்பு இரண்டாம் மாதம்வரை உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும். குட்டியின் தேவையோ ஏறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாத வயதில் குட்டிக்கென்று தனியாக, தாய் நுழைய முடியாத தடுப்புக்குள், தானியம் போன்ற சத்து செறிந்த அடர்தீவனத்தைக் கொஞ்சம் வைக்கத் தொடங்குவது இந்த இடைவெளியை நிரப்பத்தான். நல்ல மேய்ச்சலும் பால்வளமுள்ள தாயும் இருந்தால் இதை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

பால் மறந்த குட்டி: பிழைகள் அதிகம் நடக்கும் இடம்

நான்கு முதல் ஆறு மாதத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். எல்லாக் கட்டங்களிலும் நான் அதிகம் கவலைப்படும் கட்டம் இது. தாயைப் பிரிந்த பதற்றம், புதிய தீவனம், வேகமான வளர்ச்சி மூன்றும் ஒரே நேரத்தில் மோதுகின்றன.

எண்களைப் பார்த்தால் புரியும். வளர்ந்தால் 500 கிலோ வரக்கூடிய குட்டி, ஆறு மாதத்தில் சுமார் 215 கிலோ இருக்கும். அதற்கு நாளுக்கு வேண்டிய ஆற்றல் 15.5 மெகாகலோரி, அதைவிட இரு மடங்குக்கு மேல் எடையுள்ள, சும்மா நிற்கும் பெரிய குதிரையின் தேவைக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். கால்சியமோ பெரிய குதிரைக்கு 20 கிராம் போதும். இந்தச் சின்ன உடலுக்கு 39 கிராம் வேண்டும். ஆறு மாதத்தில் குட்டி தன் முழு உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எட்டிவிடுகிறது; எடையிலோ பாதியைக்கூடத் தொடவில்லை. அதாவது இது சதைபோடும் காலமல்ல, எலும்பு நீளும் காலம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பளபளப்பான, உருண்டையான குட்டியை விரும்பித் தானியத்தைக் கொட்டினால், ஆற்றல் தேவைக்கு மேல் போகிறது, தாது போதாமல் நிற்கிறது. எடை ஏறும் வேகத்துக்கு எலும்பும் குருத்தெலும்பும் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. மூட்டுக்குள் குருத்தெலும்பு விரிசல் விட்டுத் துண்டாகக் கழல்வது, எலும்பு முனையில் நீளும் பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் வீங்குவது, தசைநார் இறுகிக் குளம்பு நிமிர்ந்துவிடுவது ஆகிய கோளாறுகளுக்கு மரபும் உடற்பயிற்சிக் குறைவும் காரணங்கள்தான். ஆனால் வளர்ப்பவரின் கையில் உடனடியாக இருக்கும் காரணம் தீவனம். பட்டினி போட்டுவிட்டுப் பிறகு திடீரென்று வாரிக்கொட்டுவது இன்னும் மோசம். வளர்ச்சிக் கோடு மேடு பள்ளமில்லாமல் ஏற வேண்டும். மெதுவாக வளர்ந்த குதிரையும் கடைசியில் அதே உயரத்தைத்தான் அடைகிறது. விற்பனைக் கண்காட்சிகள் கொழுத்த குட்டிகளுக்குப் பரிசு தருவதை நிறுத்தினால் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை பாதியாகும் என்பது என் எண்ணம்.

புரதத்தின் அளவைவிட அதன் தரம் இங்கே முக்கியம். லைசின் எனும் அமினோ அமிலம் குறைந்தால் மற்றப் புரதம் எவ்வளவு இருந்தும் வளர்ச்சி அங்கேயே நிற்கும். தானியங்களில் லைசின் குறைவு. சோயாவிலும் குதிரைமசாலிலும் நன்றாக உண்டு.

கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. வளரும் குட்டிக்கு ஒன்றரைக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை நல்லது. இந்த விகிதத்தைத் தலைகீழாக்குவதில் கோதுமைத் தவிட்டுக்கு நிகரில்லை: அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். தவிட்டுக் கஞ்சியை அன்றாடத் தீவனமாக்கினால், இரத்தத்தில் கால்சியத்தைச் சமன்செய்ய உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். இடம் காலியான முக எலும்புகளில் நார்த்திசு நிறைந்து முகம் வீங்கும். 'பெரிய தலை நோய்' என்றும், தவிடு மலிவாகக் கிடைத்த மாவு ஆலைக் குதிரைகளில் அதிகம் கண்டதால் 'ஆலைக்காரர் நோய்' என்றும் இதற்குப் பெயர் வந்தது. ஆக்சலேட் எனும் வேதிப்பொருள் அதிகமுள்ள வெப்பமண்டலப் புற்கள் சிலவும், கால்சியத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டு இதே நோயைக் கொண்டுவரும். புல் மட்டும்தானே தின்கிறது, தவிடே போடவில்லையே என்று குழம்புவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒரு வயதைத் தாண்டியதும் நெருக்கடி தளர்கிறது. குட்டி உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியிருக்கும். நல்ல உலர்புல்லும் தாது உப்புக் கலவையும் போதும். எலும்புக்கு இப்போது மிக நல்லது ஓடியாட இடம்.

உழைக்கும் குதிரை, சும்மா நிற்கும் குதிரை

வேலை செய்யும் குதிரைக்கு வேண்டியது முதன்மையாக ஆற்றல். கடும் உழைப்பில் 500 கிலோ குதிரையின் தேவை 26.6 மெகாகலோரி, பந்தயப் பயிற்சி போன்ற மிகக் கடும் உழைப்பில் 34.5. உலர்புல்லால் மட்டும் இதை எட்டுவது சிரமம். அவ்வளவு தின்ன வயிறு கொள்ளாது. ஓட்ஸ், பார்லி, கொள்ளு போன்ற பயறுகள் எல்லாம் தேவைப்படுவது இந்தக் குதிரைக்குத்தான். ஆனாலும் தானியத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பீட்ரூட் வகைக் கிழங்கின் (சுகர் பீட்) சக்கை போன்ற எளிதில் செரிக்கும் நாரையும் தாவர எண்ணெயையும் சேர்ப்பது வயிற்றுக்குப் பாதுகாப்பு. குதிரைக்குப் பித்தப்பை இல்லை. பித்தநீர் சொட்டுச் சொட்டாக இடைவிடாது வழிகிறது. அதனால் கொழுப்பைத் தாங்காது என்று நினைக்கத் தோன்றும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈயும் கூட வேண்டும். பச்சைப் புல்லில் அது தாராளம். காய்ந்த புல்லில் மாதங்கள் போகப்போகக் கரைந்துவிடும்.

புரதம் கொடுத்தால் குதிரை 'சூடாகும்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் மாவுச்சத்தும் போதாத உழைப்பும். தேவைக்கு மேற்பட்ட புரதம் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். லாயத்தில் அம்மோனியா நெடி ஏறுகிறது என்றால் அதைச் சோதிக்கலாம்.

குதிரை வியர்க்கும் விலங்கு. அதன் வியர்வையில் உப்பு மனித வியர்வையில் உள்ளதைவிட மிக அதிகம். வேலையில்லாத நாளிலேயே 500 கிலோ குதிரைக்கு 25 கிராம் அளவில் சாதாரண உப்பு வேண்டும். வியர்க்கும் நாளில் பல மடங்கு. புல்லிலும் தானியத்திலும் சோடியம் பெரும்பாலும் போதாது. குளிர்ந்த ஓய்வு நாளிலேயே தண்ணீர்த் தேவை 25 லிட்டரைத் தொடும். வெயிலில் உழைத்தாலோ பால் கொடுத்தாலோ இரு மடங்காகும். உப்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொடுக்காமல் விடுவது, எதையும் கொடுக்காததைவிடக் கேடு.

வாரம் முழுதும் வண்டியிழுத்து, ஞாயிறன்று லாயத்தில் நின்றபடி அதே முழுத் தானியத்தைத் தின்று, மறுநாள் காலை சில அடி நடந்ததும் இடுப்பு இறுகி, வியர்த்து, செந்நிறமாகச் சிறுநீர் கழித்து நின்றுவிடும் குதிரைகளைப் பழைய வண்டிக்காரர்கள் அறிந்திருந்தார்கள். 'திங்கட்கிழமை நோய்' என்றே அதற்குப் பெயர். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்தது. இன்றும் மாறவில்லை.

உழைப்புக்கு முன் குதிரையை வெறும் வயிற்றில் வைப்பதும் தவறு. ஓடும்போது வயிற்றமிலம் மேலே தெறிக்கும். இரைப்பையின் மேற்பகுதிக்கு அதைத் தாங்கும் பூச்சு கிடையாது. அரை மணி நேரத்துக்கு முன் ஓரிரு கை உலர்புல், முடிந்தால் குதிரைமசால், மேலே மிதந்து அதைத் தடுக்கும். தானியத்தை மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இனி சும்மா நிற்கும் குதிரை. எண்ணிக்கையில் இவைதான் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு முறை மெதுவாக நடந்துவரும் குதிரைக்கும் பந்தயக் குதிரையின் வாளியே போய்ச் சேர்கிறது. நடுத்தரமான புல்லும், அந்தப் புல்லில் இல்லாத தாதுக்களை ஈடுசெய்யும் கலவையும், உப்பும், தண்ணீரும் இருந்தால் இதற்கு வேறெதுவும் வேண்டாம். கூட்டினால் கொழுப்பு கழுத்து மேட்டிலும் வால் அடியிலும் சேர்கிறது. இன்சுலின் கட்டுப்பாடு குலைகிறது. சிறு இனக் குதிரைகள் இதற்கு எளிதில் ஆளாகும். அப்படிப்பட்ட குதிரைக்கு வசந்தகாலத்துப் பசும்புல்லே ஆபத்து. வெயிலில் சர்க்கரை தயாரித்த புல், இரவு கடுங்குளிரில் வளர முடியாமல் அதைத் தேக்கிவைக்கும்; பனி படிந்த வெயில் காலையில் மேயவிடுவது குளம்பு அழற்சிக்கு அழைப்பு. உலர்புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து நீரை வடித்துப் போட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போகும். எடை குறைக்கப் பட்டினி மட்டும் போடக்கூடாது. கொழுத்த சிறு குதிரைகளும் கழுதைகளும் திடீரென்று தின்னாமல் நின்றால், உடல் கொழுப்பு வெள்ளமாக இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை முடக்கி உயிரையே எடுத்துவிடும்.

வாளிக்குள் போகும் கூடுதல் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செலினியம் 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் போதும். அளவு மிக மீறினால் நஞ்சு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு போலோ போட்டிக்கு முன் 21 குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து இறந்தன. தவறான அளவில் செலினியம் கலந்த சத்து ஊசிதான் காரணம் என்று தெரியவந்தது. இரண்டு மூன்று கலவைகளைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் அவற்றின் செலினிய அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் ஆன தீவனத்தைக் குதிரைக்குப் போடவே கூடாது. அவற்றில் பலவற்றில் கலக்கும் மொனென்சின் எனும் மருந்து குதிரையின் இதயத்தசையைச் சிதைக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைத் தாக்கும். மாடு தின்றுவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதம் குதிரை விஷயத்தில் செல்லாது.

பல் தேயும் வயது

குதிரையின் பல் வாழ்நாள் முழுதும் ஈறிலிருந்து மேலே தள்ளிக்கொண்டே வந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்துகொண்டே போகும். இருபத்தைந்து வயதை ஒட்டிக் கையிருப்பு தீரத் தொடங்கும். பல்லில்லாமல் உலர்புல்லை மென்று விழுங்க முடியாது. பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தரையில் கிடந்தால் அதுதான் அறிகுறி. லத்தியில் நீளநீளமான நார் தெரிவது இன்னொன்று.

ஆண்டுக் கணக்கை வைத்து மட்டும் 'கிழக் குதிரைத் தீவனம்' தொடங்க வேண்டியதில்லை. பல்லும் உடல்நிலையும் நன்றாக இருக்கும் இருபது வயதுக் குதிரைக்குப் பழைய தீவனமே போதும். மெலியத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வாய், பிறகு குடற்புழு, பிறகு இரத்தம். பதினைந்து வயதைத் தாண்டியவற்றில் கணிசமானவற்றுக்குப் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கோளாறு வருகிறது: முடி உதிராமல் நீண்டு சுருள்கிறது, முதுகுத் தசை கரைகிறது, வயிறு தொங்குகிறது. இதனோடு இன்சுலின் கோளாறும் சேர்ந்திருந்தால், மெலிந்துவிட்டதே என்று போடும் இனிப்பும் தானியமும் நேரே குளம்புக்குப் போகும். சிறுநீரகம் தளர்ந்த முதிய குதிரைக்குக் கால்சியம் நிறைந்த குதிரைமசாலையும் குறைக்க வேண்டும், ஏனென்றால் குதிரை மிகுதியான கால்சியத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும். இளமையில் மருந்தாக இருந்த தீவனம் இங்கே சுமையாகிறது.

இந்தக் கோளாறுகள் இல்லாமல் பல்லால் மட்டும் மெலிந்த குதிரைக்கு வழி எளிது. நறுக்கிய உலர்புல், புல் கட்டிகள், சுகர் பீட் சக்கை இவற்றை வெந்நீரில் கூழாகும்வரை ஊறவைத்து, நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்கலாம். புல்லின் இடத்தையும் சேர்த்து நிரப்பும் முழுத் தீவனமாக இருந்தால், அதையும் எடைக் கணக்கில் 1.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பலர் பழைய பழக்கத்தில் ஒரு வாளியோடு நிறுத்திவிட்டு, ஏன் தேறவில்லை என்கிறார்கள். எண்ணெயும் சோயாவும் சேர்த்தால் எடையும் தசையும் மீளும். மந்தையில் இளம் குதிரைகள் விரட்டாதபடி தனியே நிறுத்திப் போட வேண்டும். முதியது மெதுவாகத்தான் தின்னும். குளிர்காலத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தால் அது குடிப்பதைக் குறைத்துவிடும், குடல் அடைக்கும். வெதுவெதுப்பான நீர் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். உடல் சூட்டுக்கும் தானியத்தைவிட நாரே உதவும், பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் பிறப்பதால்.